பதினைந்து முட்டையில் பிள்ளைக்கு எத்தனை?

கோழி வளர்க்கும் பெண்களிடம் சத்துணவைப் பற்றிப் பேசப் போன காலத்தில் நான் ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே கோழி இருக்கிறது, கோழி முட்டை போடுகிறது, பிள்ளைக்கு ஒன்றை அவித்துக் கொடுங்கள், அவ்வளவுதானே. கையில் படம் போட்ட அட்டை ஒன்று இருக்கும். அதில் ஒரு முட்டையும், அதைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு குண்டுக் குழந்தையும். ஒருநாள் ஒரு அக்கா, இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாங்க என்று உள்ளே கூட்டிப்போய் மூலையில் ஒரு பழைய கூடையைக் காட்டினார். அடியில் சாம்பல், மேலே வைக்கோல், அதில் பதின்மூன்று முட்டை, அத்தனையையும் மூடிக்கொண்டு உடம்பைத் தட்டையாகப் பரப்பி உட்கார்ந்திருக்கிற ஒரு பெட்டை. எங்கள் நிழல் பட்டதும் கழுத்து இறகைச் சிலிர்த்து ஒரு உறுமல் உறுமியது.

"போன தடவை பதினொண்ணு பொரிச்சுது. மிஞ்சினது ரெண்டு. இதுல பிள்ளைக்கு எதை எடுத்துக் கொடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. புறக்கடையில் தானாக மேய்ந்து வளரும் நாட்டுக்கோழி வருடத்துக்கு 40 முதல் 60 முட்டை போடும். அதையும் தொடர்ந்து போடாது. 12, 15 முட்டை ஆனதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை. பொரித்த பிறகு குஞ்சுகளை இழுத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் திரியும். அவற்றைக் கொத்தி விரட்டிவிட்ட பிறகுதான் மறுபடி முட்டைக்கு வரும். ஆக வருடத்துக்கு மூன்று சுற்று, மிஞ்சிப் போனால் நான்கு. பண்ணைக் கோழி 300-க்கு மேல் போடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. போடும், ஆனால் அதற்குத் தினமும் 100 கிராமுக்குக் குறையாமல் காசு கொடுத்து வாங்கிய தீவனம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், நேரத்துக்குத் தண்ணீர் வேண்டும், அப்புறம் அது அடைக்கு உட்காரவே உட்காராது, அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் கழித்துவிட்டார்கள். நாட்டுக்கோழி புழுவையும் பூச்சியையும் சிந்திய தானியத்தையும் பாத்திரம் கழுவுகிற இடத்துப் பருக்கையையும் தின்று ஐம்பது முட்டை கொடுக்கிறது. கைக்காசு இல்லாத வீட்டுக்கு இந்த ஐம்பதுதான் பெரிது.

இந்த ஐம்பதுக்கு மூன்று பேர் போட்டி. அடைக்கு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் கோழியே இருக்காது. விற்க வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் அந்தப் பெண் யாரிடமும் கேட்காமல் செலவு செய்யக்கூடிய ஒரே காசு அது. பிள்ளை மூன்றாவதாக நிற்கிறது. முதல் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டது போக மீதி இருந்தால்தான்.

அந்த அக்கா வீட்டுக் கணக்கில் மீதியே வராது. 13 வைத்து, 11 பொரித்து, 2 மிஞ்சினால், இருக்கிற கோழி எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளவே ஒவ்வொரு சுற்றையும் அடைக்கு வைத்தாக வேண்டும். அதே பதினொன்றில் எட்டு பிழைத்தால்? வருடத்தில் ஒரு சுற்று அடைக்குப் போதும். மற்ற இரண்டு சுற்று முட்டை, அதாவது ஒரு கோழிக்கு முப்பதுக்குப் பக்கம், வீட்டுக்கு விடுதலை. அதோடு அடை வைக்காத சுற்றில், முட்டைகளை எடுத்துவிட்டுக் கோழியைச் சில நாள் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் கூடில்லாமல் வைத்து அடையைத் தெளியவிட்டால், குஞ்சோடு திரியும் இரண்டு மாதம் மிச்சமாகிச் சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும். கோழி ஒன்றுதான், தீவனமும் அதேதான், முட்டை மட்டும் கூடுகிறது.

பிள்ளைக்கு முட்டை கொடு என்று தாயிடம் சொல்வதைவிடக் குஞ்சு சாகாமல் பார்த்துக்கொள்ள அவளுக்குத் துணை நிற்பதுதான் என் வேலை என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. அட்டையில் ஒரு குஞ்சுப் படம்கூட இல்லை.

குஞ்சு எப்படிச் சாகிறது என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் வரும். பருந்து, காக்கை, கீரி, பூனை, மழையில் நனைந்தது, தண்ணீர்த் தட்டில் விழுந்தது, பக்கத்து வீட்டு நாய், யாரோ மிதித்தது. எல்லாமே பெரும்பாலும் முதல் நான்கு வாரத்துக்குள். அதனால் அந்த நான்கு வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துக்குள், அதாவது கோழியின் மேல் கவிழ்த்து மூடுகிற கூடைக்குள், வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். நன்றாகச் சூடு பிடிக்கிற நேரத்தில் சிறிது நேரம் வெளியே, மற்ற நேரம் உள்ளே. தண்ணீர்த் தட்டில் நாலு கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது. தாய் மட்டும் பஞ்சாரத்துக்குள் இருக்க, குஞ்சு மட்டும் நுழைகிற மாதிரி சந்துவிட்டு வெளியே கொஞ்சம் உடைத்த தானியம் வைத்தால், பெரிய கோழிகள் விரட்டித் தின்பதற்கு முன் குஞ்சுகளுக்குக் கிடைக்கும் (பெரிய கோழிகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது தனி வேலை). குஞ்சுக்குப் புரதம் வேண்டும், தவிடு மட்டும் போதாது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மண்பானையில் ஈரமான வைக்கோலும் சாணியும் திணித்து, கறையான் புற்றுக்கு மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். கறையான் உள்ளே ஏறி நிறைந்த பிறகு பானையை எடுத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் உதறுகிறார்கள். பானைக்கு ஆகிற செலவு தவிர வேறொன்றும் இல்லை.

பருந்தும் கீரியும் ஒன்றிரண்டைத்தான் கொண்டுபோகும். மொத்தமாக வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல் நோய்.

அதை நான் பத்து வயதில் பார்த்தேன். அம்மாவிடம் 23 கோழி இருந்தது. பள்ளி திறக்கிற நேரத்துக்கு நாலைந்தை விற்றுப் பை வாங்குவது என்று ஏற்பாடு. எங்கிருந்தோ ஒரு புதுப் பெட்டை வந்து சேர்ந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலாம் நாள் அது தலையைத் தொங்கப்போட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன, வாயைத் திறந்து மூச்சு வாங்கின, சிலது கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி வட்டம் சுற்றின. அம்மா தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தார். ஆறு நாள். கடைசியில் ஒரே ஒரு கோழி பிழைத்தது, அதுவும் சாகும்வரை கோணல் கழுத்தோடுதான் மேய்ந்தது. தினமும் காலையில் கூட்டைத் திறக்க அம்மா என்னை அனுப்பாமல் தானே போனதுதான் இப்போது நினைத்தால் தொண்டையில் நிற்கிறது. அந்த வருடம் பழைய பையைத் தைத்துக்கொண்டு போனேன்.

இந்த நோய்க்கு வைத்தியமே கிடையாது, வந்த பிறகு எதைக் கொடுத்தாலும் வீண். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறிந்தார்கள், அதை ஒட்டி நம் பக்கம் ராணிக்கெட்டில் கண்டுபிடித்ததால் இங்கே ராணிக்கெட் நோய் என்றும் பெயர். அழகான ஒரு மலை ஊருக்கு இப்படி ஒரு பெயர்ப் பொருத்தம், பாவம். தடுப்பு மருந்து போடாத கோழிக் கூட்டத்தில் புகுந்தால் பத்துக்கு எட்டு, சில சமயம் அத்தனையும் போய்விடும். அப்படியென்றால் தடுப்பு மருந்து போட்டுவிட வேண்டியதுதானே? மருந்து எப்போதோ வந்துவிட்டது. வந்தது பண்ணைக்காக. குளிர்பெட்டியை விட்டு எடுத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும், ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கான மருந்து இருக்கும், கலக்கிவிட்டால் உடனே தீர்த்தாக வேண்டும். ஏழு கோழி வைத்திருக்கிற பெண் ஆயிரம் கோழிக்கான குப்பியை வாங்கி என்ன செய்வார்?

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்ப்ராட்பிரோ என்ற கால்நடை விஞ்ஞானி இந்தச் சின்னக் கோழிக்காரர்களுக்காகவே யோசித்தார். ஓரளவு வெப்பத்தைத் தாங்கும் ஐ-2 என்ற தடுப்பு மருந்து அங்கேதான் உருவானது. அதன் மூல வைரஸைக் கேட்ட வளரும் நாடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள், அந்தந்த நாட்டிலேயே தயாரித்துக்கொள்ளலாம் என்று. மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளில் கிராமம் கிராமமாகப் போனது. ஊசி இல்லை, ஒரு கண்ணில் ஒரு சொட்டு. குஞ்சுக்கும் ஒரு சொட்டு, சேவலுக்கும் ஒரு சொட்டு. நாலு மாதத்துக்கு ஒருமுறை.

சொட்டு விடுவதற்கு நல்ல நேரம் விடியலுக்கு முன். கூட்டைத் திறந்துவிட்டால் அப்புறம் ஒரு கோழியைப் பிடிக்க ஊரே ஓட வேண்டியிருக்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் தரையில் அடித்துக்கொண்டு ஒருவர் கோழியை எடுத்து இரண்டு சிறகையும் சேர்த்து உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும், தலையை லேசாகச் சாய்த்தால் ஒரு கண் மேலே பார்க்கும். சொட்டுக் குப்பியைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் சொட்டு ஒரே அளவில் விழும். விழுந்ததும் விட்டுவிடக் கூடாது. கண்ணின் மேல் ஒரு முத்து மாதிரி நின்று, கோழி ஒருமுறை இமைத்ததும் பரவி உள்ளே இறங்கும். அதுவரை பிடித்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடிக்குக் காத்திருக்காமல் விட்டால் கோழி தலையை உதறும், மருந்து நம் சட்டையில்.

குப்பிப் பிரச்சினைக்கு ஒரே வழி, ஊர்ப் பெண்கள் ஒரே நாளில் சேர்ந்து போடுவதுதான். நாற்பது வீட்டுக் கோழி சேர்ந்தால் ஒரு குப்பி வீணாகாது. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு பல பத்தாண்டுகளுக்கு முன்பே கிராமத்துப் பெண்களையே இதற்குப் பழக்கியது, அவர்கள் வீடு வீடாகப் போய் மருந்து போட்டு ஒரு சிறு கூலி வாங்கிக்கொண்டார்கள். கூலி வாங்கியது முக்கியம் என்று நினைக்கிறேன். இலவசமாக ஒருமுறை வந்து போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நாலு மாதம் கழித்துத் திரும்பி வருவதில்லை. நானும் அப்படிப் போனவன்தான், அதனால் சொல்கிறேன்.

சரி, முட்டை மிஞ்சியது என்றே வைத்துக்கொள்வோம். தினம் ஒரு முட்டை கொடுத்தால் பிள்ளை வளர்ந்துவிடுமா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். எக்வடோரின் மலைப்பகுதியில் 6 முதல் 9 மாதக் குழந்தைகள் 163 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை. ஆய்வின் பெயர் லுலுன், அந்த மக்களின் கிச்வா மொழியில் முட்டை என்று அர்த்தம். 2017-இல் முடிவு வெளியானபோது, முட்டை சாப்பிட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றுவது 47 சதவீதம் குறைந்திருந்தது. உலகமே துள்ளியது, என் அட்டையும் அந்தத் துள்ளலில் பிறந்ததுதான். அப்புறம் மலாவியில் 660 குழந்தைகளிடம் அதே மாதிரி செய்தார்கள், 2019-இல் வந்த முடிவில் உயரத்தில் வித்தியாசமே இல்லை. அந்தப் பிள்ளைகள் ஏரிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். எக்வடோர்க் குழந்தைகளையே சில வருடம் கழித்துப் போய் அளந்தபோது அந்த ஆதாயம் தங்கியிருக்கவில்லை. ஆறு மாதம் கொடுத்து நிறுத்திவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது. தட்டில் ஏற்கெனவே மீனோ இறைச்சியோ பாலோ வந்துகொண்டிருந்தால் முட்டை இன்னொரு நல்ல உணவு, வெறும் தானியக் கஞ்சியிலேயே ஓடுகிற பிள்ளைக்கு அதுவே பெரிய மாற்றம்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், அதுவும் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்கிற புரதம். பி12, வைட்டமின் ஏ, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் எல்லாம் உண்டு. வைட்டமின் சி இல்லை. இரும்புச் சத்து இருந்தாலும் அதை உடம்பு அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது, ஆகவே முட்டை கொடுத்தாயிற்று, இரத்தசோகை போய்விடும் என்று இருந்துவிட முடியாது. நாட்டுக்கோழி முட்டை பண்ணை முட்டையைவிடச் சிறியது, ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை, மஞ்சள் கருவின் அடர்நிறம் கோழி தின்ற பச்சையைப் பொறுத்தது. இதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும். 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் 6 மாதம் முடிந்ததிலிருந்து 2 வயதுவரை தினமும் இறைச்சி, மீன், முட்டை போன்ற ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்கிறார்கள். கோலின் கருவுற்ற பெண்ணுக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் கூடுதலாகத் தேவை, ஆனால் கோழியை வளர்க்கிற அந்தப் பெண்ணின் தட்டுக்கு முட்டை வருவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

தினம் ஒன்று என்றால் வருடத்துக்கு 365. ஒரு கோழிக்கு 45 என்று வைத்தாலும், ஒன்றைக்கூட அடைக்கு வைக்காமல் ஒன்றைக்கூட விற்காமல் இருந்தால்தான் எட்டுக் கோழியில் ஒரு பிள்ளைக்குக் கட்டும். நாலு கோழி இருக்கிற வீட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று முட்டை பிள்ளைக்குப் போனாலே நான் எழுந்து நின்று கும்பிடுவேன். அப்படியானால் நாற்பது கோழியாக்கிவிடலாமே என்று தோன்றும். ஒரு வீட்டைச் சுற்றி மேய்ச்சலில் கிடைக்கிற இரைக்கு ஒரு அளவு உண்டு. அதைத் தாண்டிக் கோழியைக் கூட்டினால் எல்லாம் அரைப்பட்டினி, முட்டை குறையும், குஞ்சு சாகும். தீவனம் வாங்கினால் கடன் வரும், கடன் வந்தால் கையெழுத்துப் போட வீட்டு ஆண் வருவார், கையெழுத்துப் போட்டவர் வரவையும் எடுத்துக்கொள்வார். பத்துக் கோழி வரை அது அவளுடைய கோழி, இருநூறானதும் அது குடும்பத் தொழில். லாபம் வந்திருக்கலாம், முட்டை பிள்ளைக்குப் போனதா என்று கேட்க அப்போது அவள் கையில் எதுவும் இருக்காது.

புர்க்கினா ஃபாசோவில் 'ஒரு முட்டை' என்றே பிரெஞ்சில் பெயர் வைத்து ஒரு வேலை நடந்தது. ஊர்ப் பெரியவர் கையால் கோழியைக் குழந்தைக்கே பரிசாகக் கொடுத்தார்கள். இது உன் கோழி இல்லை, உன் வீட்டுக்காரர் கோழியும் இல்லை, இந்தப் பிள்ளையின் கோழி, இது போடுகிற முட்டை பிள்ளைக்கு. குழந்தைகள் முட்டை சாப்பிடுவது நன்றாகவே கூடியது. இவ்வளவு எளிய யோசனை என் அட்டை அடித்தவர்களுக்கு வரவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு, கோழி வளர்ப்பைப் பற்றி நல்லதாக மட்டுமே எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. தவழ்கிற பிள்ளையும் கோழி எச்சமும் ஒரே தரையில். பெரு நாட்டின் லிமா நகரக் குடிசைப் பகுதிகளில் 1990 வாக்கில் ஆய்வாளர்கள் வீடுகளில் உட்கார்ந்து பார்த்தபோது, 12 மணி நேரத்தில் சராசரியாக நான்கு முறைக்கு அருகில் கோழி எச்சம் குழந்தையின் வாய்க்குப் போனது. எத்தியோப்பியத் தகவல்களை அலசி 2016-இல் வந்த ஆய்வு, கோழி இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் உயரமாகவும், ஆனால் கோழியை இரவில் மனிதர் தூங்கும் அறையிலேயே அடைக்கிற வீட்டுப் பிள்ளைகள் அதற்கு மாறாகவும் இருப்பதைக் காட்டியது. திருடனுக்கும் கீரிக்கும் பயந்துதான் உள்ளே அடைக்கிறார்கள், சும்மா குறை சொல்ல முடியாது. சரி, வேலி போட்டு அடைத்துவிட்டால்? பெருவிலேயே அதையும் செய்து பார்த்தார்கள், அடைத்த வீடுகளில் கேம்பிலோபாக்டர் கிருமியால் வருகிற வயிற்றுப்போக்கு கூடியது. எச்சம் ஓரிடத்தில் குவிந்து, பிள்ளை உள்ளே போய் விளையாடினால் என்ன ஆகும். அடைப்பு பிள்ளைக்கு எட்டாத இடத்தில், தரையைவிட்டு உயர்த்தி, எச்சத்தைத் தினமும் கூட்டி, கூட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவி. எழுதிவிடலாம், செய்வது மறுபடியும் அந்தப் பெண்தான்.

அந்த அக்கா வீட்டுக்கு ஒன்றரை வருடத்தில் ஐந்து முறை போனேன், எல்லாம் விடியலுக்கு முன், சொட்டு மருந்தோடு. கூடு வீட்டுக்குள்ளிருந்து பின்பக்கம் நாலு கால் வைத்த பலகைக்கு மாறியிருந்தது. கடைசியாகப் போனபோது சுவரில் கரிக்கோடுகள் மூன்று வரிசையாகப் போட்டிருந்தார். முதல் வரிசை அடைக்கு வைத்தது, இரண்டாவது விற்றது, மூன்றாவது பிள்ளைக்கு. மூன்றாவதில் அந்த மாதம் ஒன்பது கோடு. எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப எண்ணாதீங்க. அதுல ரெண்டு நான் தின்னது."

பஞ்சாரத்தைத் தூக்கி, சொட்டு போடுவதற்காக முதல் குஞ்சை எடுத்து நீட்டினார்.